கணைய நீர்க்கட்டி: அறுப்பதா, காத்திருப்பதா?

பீர்க்கன்கரணையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே தாம்பரம், குரோம்பேட்டை வரை வந்தால் ஸ்கேன் சென்டர் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போனவருக்கும், அலுவலகம் சொன்னதற்காக மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டவருக்கும் ரிப்போர்ட்டின் கடைசியில் கேட்காத ஒரு வரி வந்து சேர்கிறது: கணையத்தின் நடுப்பகுதியில் 18 மி.மீ. நீர்க்கட்டி, மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். வீடு திரும்புவதற்குள் பிள்ளைகள் கைபேசியில் தேடி, கணையம் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே புற்றுநோய் என்ற சொல்லையும் படித்துவிடுகிறார்கள். முதலில் பார்க்கிற மருத்துவர், "ஒண்ணுமில்ல சார், விட்டுடுங்க" என்கிறார். இரண்டாமவர், "எடுத்துடறது நல்லது" என்கிறார்.

இருவரில் யாரும் ஏமாற்றவில்லை, இருவரும் படித்தவர்கள். ஆனால் வெவ்வேறு மனிதக் கூட்டங்களை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். முதலாமவர் நினைப்பது தற்செயலாக நீர்க்கட்டி தெரிந்த எல்லோரையும். இரண்டாமவர் நினைப்பது நீர்க்கட்டிக்காக அறுவை மேசைவரை போனவர்களை. கணைய நீர்க்கட்டி புற்றுநோயாகுமா என்று முன்கூட்டியே கணிக்க முயலும் நாற்பது ஆண்டுக்கால மருத்துவத்தின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு கூட்டங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

முதல் கூட்டத்தின் அளவைப் பார்ப்போம். 2008இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் கணையச் சிக்கல் எதுவும் இல்லாத 2,832 பேரின் சி.டி. ஸ்கேன்களைப் புரட்டியபோது 2.6 சதவீதம் பேருக்குக் கணையத்தில் நீர்க்கட்டி இருந்தது. எம்.ஆர்.ஐ.யில் தேடியவர்களுக்கு இன்னும் கூடுதலாகக் கிடைத்தது. 2018இல் ஜெர்மனியின் பொமரேனியப் பகுதியில் பொதுமக்கள் 1,077 பேரைக் கணையக் குழாய்களைத் துல்லியமாகக் காட்டும் எம்.ஆர்.சி.பி. முறையில் படமெடுத்தார்கள். 2 மி.மீ. அளவுள்ளவற்றையும் சேர்த்து எண்ணியபோது கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு, 49.1 சதவீதத்தினருக்கு, நீர்க்கட்டி இருந்தது. பின்தொடர்ந்த ஐந்தாண்டுகளில் அவர்களில் ஒருவர்கூடக் கணைய நோயால் இறக்கவில்லை. அதாவது கருவியின் கண் கூர்மையாக ஆக, நோயாளிகள் பெருகுகிறார்கள், நோய் பெருகவில்லை.

அப்படியானால் முதல் மருத்துவர் சொல்வதுதான் சரி, விட்டுவிடலாமே என்று தோன்றும். விட முடியாததற்குக் காரணம் கணையப் புற்றுநோயின் கொடூரம். அமெரிக்கக் கணக்கில் இந்நோய் கண்டவர்களில் ஐந்தாண்டு பிழைத்திருப்போர் சுமார் 13 சதவீதமே. பெரும்பாலான கணையப் புற்றுகள் எந்த ஸ்கேனிலும் தெரியாத நுண்ணிய மாற்றங்களிலிருந்து கிளம்புகின்றன. தெரியும்போது காலம் கடந்திருக்கும். அந்தப் பாதையில் கண்ணுக்குத் தெரிகிற ஒரே முன்நிலை சிலவகை நீர்க்கட்டிகள்தான். அதை விட்டுவிட எந்த மருத்துவருக்கும் மனம் வராது.

ஆனால் எடுப்பதும் எளிதல்ல. கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தால் செய்ய வேண்டியது விப்பிள் அறுவை. 1935இல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அவர் பெயரால் வழங்குவது. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி எல்லாவற்றையும் அகற்றி, மிச்சமிருப்பவற்றைச் சிறுகுடலோடு மறுபடி இணைக்க வேண்டும். கைதேர்ந்த மையங்களிலேயே நூற்றில் இரண்டு மூன்று பேர் இறக்கிறார்கள். மூன்றில் ஒருவருக்காவது கணையநீர்க் கசிவு, தொற்று, வயிறு மெதுவாக இயங்குவது என ஏதாவது ஒரு தொல்லை வரும். வால்பகுதியை மட்டும் வெட்டினால் ஆபத்து குறைவு, ஆனால் பலருக்கு அதோடு மண்ணீரலும் போகும். சிலருக்குச் சர்க்கரை நோய் புதிதாகத் தொடங்கும். வெட்டிய கட்டியை நோயியல் வல்லுநர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "இதனால் எந்த ஆபத்தும் வந்திருக்காது" என்று எழுதினால் நோயாளிக்கு அது நல்ல செய்தியா?

எல்லா நீர்க்கட்டியும் ஒன்றல்ல என்பது தெரியவே வெகுகாலம் ஆனது. 1978இல் அமெரிக்க ராணுவ நோயியல் கழகத்தின் கம்பாக்னோ, ஓர்டெல் இருவரும் சேமிப்பிலிருந்த கட்டிகளை மறுபடி எடுத்து ஆராய்ந்து இரண்டாகப் பிரித்தார்கள். தெளிந்த நீர் நிறைந்த, தேனடை போன்ற சிறு அறைகள் கொண்டவை சாதுவானவை. கெட்டியான சளிநீர் நிறைந்தவை புற்றாக மாறக்கூடியவை. பிந்தைய வகை அநேகமாகப் பெண்களுக்கே, நடுவயதில், கணையத்தின் உடலிலோ வாலிலோ வருகிறது. அதன் சுவரில் கருப்பையின் அருகிலுள்ள சினையகத்துத் திசுவைப் போன்ற அடுக்கு இருக்கும். 1982இல் டோக்கியோவில் ஓஹாஷி குழுவினர் மூன்றாவது வகையைக் கண்டார்கள். கணையக் குழாய்க்குள்ளேயே சளி சுரந்து, குழாய் விரிந்து, சிறுகுடலில் அது திறக்கும் வாய் மீன்வாய் போலப் பிளந்து சளி வடிந்துகொண்டிருந்தது. 1996இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இடம்பெற்ற இவ்வகையை மருத்துவர்கள் இன்று ஐ.பி.எம்.என். என்கிறார்கள். தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டு விவாதத்துக்குள்ளாகும் கட்டிகளில் பெரும்பான்மை இதுவே.

நான்காவதாக ஒன்று உண்டு, இளம்பெண்களுக்கு வருவது. பாதி திடமாகவும் பாதி நீராகவும் இருக்கும்; பெரிதாக வளரும், ஆனால் மெதுவாக. எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணம். கதிரியக்க வகுப்புகளில் மாணவர்களுக்கு இதையெல்லாம் நினைவில் நிறுத்த ஒரு குடும்பக் கணக்கு சொல்லித்தருவார்கள்: தெளிநீர்க் கட்டி பாட்டியுடையது, சளிநீர்க் கட்டி அம்மாவுடையது, திடம் கலந்தது மகளுடையது. ஆண்களை முழுதாக மறந்துவிடும் கணக்கு என்றாலும், வயதையும் பாலினத்தையும் பார்க்காமல் படத்தை மட்டும் பார்க்காதே என்ற எச்சரிக்கை அதற்குள் இருக்கிறது.

பாட்டியின் கட்டியையே கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2016இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு 2,622 தெளிநீர்க் கட்டி நோயாளிகளின் வரலாற்றைத் திரட்டியது. இவர்களில் புற்றாக மாறியது மூன்றே மூன்று பேருக்கு. ஆனால் பத்தில் ஆறுபேர், ஏறக்குறைய 1,600 பேர், அறுவை செய்துகொண்டிருந்தார்கள். ஏன்? அவர்களில் 60 சதவீதத்தினருக்குக் கோப்பில் எழுதப்பட்ட காரணம் ஒன்றுதான்: என்ன வகைக் கட்டி என்று உறுதியாகத் தெரியவில்லை. அறுவையின் விளைவாக 10 பேர் இறந்தார்கள். கட்டியால் இறந்தவர் ஒருவர். கணைய நீர்க்கட்டி பற்றிப் படித்தவற்றில் என்னை அதிகம் உறுத்தும் எண்கள் இவை. நோய் கொன்றதைவிட நிச்சயமின்மை அதிகம் கொன்றிருக்கிறது.

அந்த நிச்சயமின்மைக்கு விதி செய்யத்தான் பன்னாட்டுக் கணையச் சங்கத்தினர் ஜப்பானின் செண்டை நகரில் 2004இல் கூடினார்கள். 2006இல் வந்த செண்டை விதிகள் எளியவை: 3 செ.மீ. தாண்டினால் எடு. அவற்றைப் பின்பற்றியபோது தேவையில்லாத அறுவைகள் ஏராளமாக நடந்தன. 2012இல் ஃபுகுவோகா விதிகள் வந்து, 2017இல் திருத்தப்பட்டன. அளவு மட்டும் போதாது என்று இவை சொல்லின. கட்டியின் உட்சுவரில் ரத்தமோடும் 5 மி.மீ. முடிச்சு, 10 மி.மீ.க்கு விரிந்த முதன்மைக் குழாய், தலைப்பகுதிக் கட்டியோடு வரும் மஞ்சள் காமாலை ஆகிய மூன்றும் உயர் அபாய அடையாளங்கள். இருந்தால், நோயாளி தாங்குவார் என்றால், அறுவை. 3 செ.மீ. அளவு, தடித்த சுவர், 5 முதல் 9 மி.மீ. வரை விரிந்த குழாய், வேகமான வளர்ச்சி, கணைய அழற்சி முதலானவை கவலைக்குரியவை. இருந்தால், உள்ளே போய்ப் பார். கியோட்டோவில் கூடி 2024இல் வெளியிட்ட புதிய விதிகள் வேகமான வளர்ச்சி என்பதை ஆண்டுக்கு 2.5 மி.மீ. என்று குறித்ததோடு, கடந்த ஓராண்டுக்குள் புதிதாகத் தோன்றிய அல்லது திடீரென மோசமான சர்க்கரை நோயையும் கவலைப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன.

இந்த விதிகளுக்கு ஆதாரமான எண்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. முதன்மைக் குழாயைப் பாதிக்கும் ஐ.பி.எம்.என்.களில் 60 சதவீதத்துக்கு மேல் புற்றோ புற்றின் வாசலில் நிற்கும் மாற்றமோ இருந்தது. கிளைக் குழாய்களில் மட்டும் உள்ளவற்றில் நாலில் ஒன்றில் இருந்தது. 2012 விதிகள் தொகுத்துக் கொடுத்த கணக்கு இது. நாலில் ஒன்று! கேட்டதும் யாரும் கத்தியை நாடுவார்கள். ஆனால் இவை வெட்டி எடுக்கப்பட்டு நுண்ணோக்கிக்கு வந்த கட்டிகளின் கணக்கு. சந்தேகம் வலுத்ததால்தான் வெட்டினார்கள். வெட்டியதால்தான் கணக்கில் வந்தன. வெட்டாமல் விட்ட ஆயிரமாயிரம் கட்டிகள் வகுக்கும் எண்ணில் இல்லை. எல்லா நீர்க்கட்டிகளையும் வகுக்கும் எண்ணாக வைத்து அமெரிக்காவில் 2013இல் போட்ட மதிப்பீட்டில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் புற்று இருப்பது லட்சத்துக்கு சுமார் 33 கட்டிகளில் மட்டுமே. நாலில் ஒன்றுக்கும் மூவாயிரத்தில் ஒன்றுக்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் நம் இரு மருத்துவர்களும் எதிரெதிர்க் கரையில் நிற்கிறார்கள்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தற்செயலாக நீர்க்கட்டி தெரிந்த 10,000 பேர். மேற்சொன்ன மதிப்பீட்டின்படி அவர்களில் புற்று உள்ளவர் 3 பேர். நம்மிடம் ஓர் அருமையான பரிசோதனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: புற்று உள்ள எல்லோரையும் பிடிக்கும், இல்லாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரை மட்டும் தவறாகச் சந்தேகிக்கும். பரிசோதனை முடிவில் சந்தேகப் பட்டியலில் நிற்பவர்கள் ஆயிரம் பேர்; அவர்களில் உண்மையான நோயாளி மூவர். ஆயிரம் பேரையும் நூற்றுக்கு இரண்டு பேர் இறக்கும் அறுவைக்கு அனுப்பினால், மூவரைக் காப்பாற்ற இருபது பேரைக் கொல்வோம். அதே பரிசோதனையை, நாலில் ஒருவருக்குப் புற்று இருக்கும் கூட்டத்தில் பயன்படுத்தினால், சந்தேகிக்கப்பட்டவர்களில் நான்கில் மூவர் உண்மையான நோயாளிகளாக இருப்பார்கள். பரிசோதனை மாறவில்லை, கூட்டம்தான் மாறியது.

இத்தகைய கணக்குகளை வைத்து அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2015இல் துணிச்சலாக ஒன்று சொன்னது. கணைய நீர்க்கட்டி புற்றாக மாறும் வாய்ப்பு ஆண்டுக்கு 0.24 சதவீதம்தான், ஐந்தாண்டு மாறாமல் இருந்தால் பார்ப்பதையே நிறுத்தலாம் என்றது. இதை முன்னின்று எழுதியவர்களில் ஒருவர் மேயோ கிளினிக்கின் சாந்தி ஸ்வரூப் வேகே. எதிர்ப்புக்குக் குறைவில்லை. எதிர்த்தவர்களுக்கு டோக்கியோ பல்கலைக்கழகத்தின் 2020ஆம் ஆண்டு ஆய்வு வலுச்சேர்த்தது. கிளைக்குழாய்க் கட்டியுள்ள 1,404 பேரைப் பின்தொடர்ந்ததில், ஐந்தாம் ஆண்டில் 3.3 சதவீதத்தினருக்கும், பத்தாம் ஆண்டில் 6.6 சதவீதத்தினருக்கும், பதினைந்தாம் ஆண்டில் 15 சதவீதத்தினருக்கும் கணையப் புற்று வந்திருந்தது. அதிலும் ஒரு திருப்பம்: புற்று வந்த 68 பேரில் 30 பேருக்கு அது நீர்க்கட்டியில் வரவில்லை, கணையத்தின் வேறோர் இடத்தில் வந்தது. கட்டியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கணையத்தைப் பார்க்கத் தவறியிருக்கலாம். ஐந்தாண்டில் கதவை மூடிவிடலாம் என்பது அவசரம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் டோக்கியோவின் பெரிய மருத்துவமனைக்கு வந்தவர்களும் தெருவில் போகிறவர்களும் ஒரே கூட்டமல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது நம் ஊர்க் கூட்டத்துக்கு வருவோம். செண்டை, ஃபுகுவோகா, கியோட்டோ விதிகளை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது கட்டி தற்செயலாகத் தெரிந்த எழுபது வயது ஜப்பானியரும் ஐரோப்பியரும். தென்சென்னைப் புறநகரில் கணையத்தில் நீர் கோத்து வருகிறவர்களில் கணிசமானவர்கள் வேறு மாதிரி. முப்பது, நாற்பது வயது ஆண். சில மாதங்களுக்கு முன் கடும் வயிற்றுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர். குடிப்பழக்கம் உண்டு, அல்லது பித்தப்பையில் கல். அழற்சியில் கசிந்த கணையநீர் பை கட்டி நிற்பதுதான் அங்கே தெரிவது. சூடோசிஸ்ட் எனப்படும் போலி நீர்க்கட்டி. அதற்குப் புற்று அபாயக் கணக்கே கிடையாது. பல தானே வற்றிவிடும். "ஆறு மாசம் முன்னாடி வயித்துவலி வந்துச்சா?" என்ற கேள்வி, எந்த ஸ்கேனையும்விட மலிவானது, பல நேரம் அதைவிடக் கூர்மையானது. ஆனால் எழுபது வயதுக்காரருக்குக் காரணமே இல்லாமல் முதன்முறையாகக் கணைய அழற்சி வந்தால் கதை தலைகீழ். அழற்சியால் கட்டி வரவில்லை, கட்டி குழாயை அடைத்ததால் அழற்சி வந்திருக்கலாம்.

இன்னொன்று காசநோய். 1928இல் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம் ஒரு ரயில் நிலையத்துக்கே பெயராக நிலைத்துவிட்ட பகுதி இது. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை என்பதை இங்கே அதிகம் விளக்க வேண்டியதில்லை. அபூர்வமாகக் கணையத்திலும் அதன் ஓரத்து நிணநீர்க் கணுக்களிலும் காசநோய் உட்கார்ந்து, நடுவில் அழுகி நீர் கோத்து, ஸ்கேனில் அச்சு அசலாகப் புற்றுக்கட்டி போலத் தெரியும். ஊசியால் எடுத்த திசுவில் அது உறுதியானால் தேவை ஆறுமாத மாத்திரை, விப்பிள் அல்ல. ஒசாகாவில் யாரும் முதலில் யோசிக்காத இந்தச் சாத்தியத்தை இங்கே கடைசியாக யோசித்தால் அது பிழை.

இவை இரண்டும் அபாயத்தைக் குறைக்கும் காரணங்கள். கூட்டும் காரணம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. அதைக் கணக்கிட்டதும் சென்னைதான். வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று ஒரு நோய் உண்டு. 1959இல் சூய்டெமா இந்தோனேசியாவில் விவரித்தார். பிறகு கேரளத்தில் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து எழுதினார். இளவயதில் வயிற்றுவலி, பெரியவர்களாவதற்குள் சர்க்கரை நோய், கணையம் நிறையக் கற்கள். மரவள்ளிக்கிழங்குதான் காரணம் என்று நெடுங்காலம் சொன்னார்கள். மரவள்ளி சாப்பிடாதவர்களுக்கும் வருவது தெரிந்தபின் அந்தக் கருத்து தளர்ந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் மாற்றம் பலரிடம் இருப்பது தெரியவந்தது. சென்னையில் எம். விஸ்வநாதனும் வி. மோகனும் இந்த வகைச் சர்க்கரை நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்கள். சுரேஷ் சாரி, மோகன், பிட்சுமணி, விஸ்வநாதன், மதனகோபாலன், லோவன்ஃபெல்ஸ் ஆகியோர் சேர்ந்து 1994இல் வெளியிட்ட கட்டுரை 185 நோயாளிகளைச் சராசரியாக நாலரை ஆண்டு பின்தொடர்ந்தது. இறந்தவர்கள் 24 பேர். அவர்களில் 6 பேர் கணையப் புற்றால். புற்று வந்தபோது அவர்களின் சராசரி வயது ஐம்பதைக்கூடத் தொடவில்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டால் அபாயம் நூறு மடங்கு.

நூறு மடங்கு என்பதன் பின்னாலும் வகுக்கும் எண் இருக்கிறது. இந்தியாவில் கணையப் புற்று லட்சத்துக்கு ஆண்டுதோறும் ஒன்று, இரண்டு என்ற அளவிலேயே வரும் நோய். அமெரிக்காவில் அதைப் போலப் பல மடங்கு. அடிநிலை தாழ்வாக இருந்தால் மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் 24 சாவில் 6 என்பதை எந்த வகுத்தலாலும் சிறிதாக்க முடியாது. இப்படிப்பட்ட ஒருவரின் கணையத்தில் நீர்க்கட்டி தெரிந்தால் கியோட்டோவின் அளவுகோல்கள் பாதிதான் பயன்படும்: கற்களால் குழாய் ஏற்கெனவே விரிந்திருக்கும், அழற்சி ஏற்கெனவே இருக்கும், சர்க்கரையும் இருக்கும். கவலைக்குரிய அடையாளங்களில் மூன்று, கவலையில்லாமலே அங்கே நிற்கும். மருத்துவர் கவனிக்க வேண்டியது மாற்றத்தை: அடங்கியிருந்த வலி மறுபடி கிளம்புவது, காரணமில்லாமல் எடை குறைவது, காமாலை.

சாரி பிறகு அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் சர்க்கரைக்கும் கணையப் புற்றுக்கும் உள்ள உறவைத் துருவினார். ஐம்பது வயதுக்குமேல் புதிதாகச் சர்க்கரை நோய் கண்ட 2,122 பேரில் 18 பேருக்கு மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்று தெரிந்தது என்று 2005இல் அவர் குழு எழுதியது. சர்க்கரை அங்கே புற்றின் காரணமல்ல, அதன் முன்னறிவிப்பு. 2024 கியோட்டோ விதிகளில் புதிய சர்க்கரை நோய் இடம்பெற்றது இந்தச் சிந்தனை மரபில்தான். ஆனால் அந்த அடையாளத்தை அப்படியே பெருங்களத்தூருக்குக் கொண்டுவர முடியுமா? ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் ஆய்வு 2023இல் சொன்னபடி நாட்டில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாடு அதற்கும் மேல். தெருவுக்குத் தெரு புதிய சர்க்கரை நோயாளிகள் உருவாகும் ஊரில், நீர்க்கட்டி உள்ள ஒருவருக்குச் சர்க்கரை வந்ததும் புற்று என்று பதறினால் அறுவை அரங்குகள் போதாது. சாரியின் பிந்தைய கணிப்பு முறை சர்க்கரையோடு எடை மாற்றத்தையும் தொடங்கிய வயதையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான். எடை கூடிக்கொண்டே போய்ச் சர்க்கரை வந்தவரும், எடை உருகிக்கொண்டே போய்ச் சர்க்கரை வந்தவரும் வேறு வேறு.

படமும் வரலாறும் போதாதபோது கட்டிக்குள் ஊசி போகிறது. எண்டோஸ்கோபிக் குழாயின் முனையில் அல்ட்ராசவுண்ட் கருவி. இரைப்பைச் சுவர் வழியே ஊசியைச் செலுத்தி நீரை உறிஞ்சுகிறார்கள். அந்த நீரில் சி.இ.ஏ. என்ற புரதம் மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமுக்கு மேல் இருந்தால் சளிநீர்க் கட்டி என்பது 2004ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வழக்கிலுள்ள எல்லைக்கோடு. இங்கே அடிக்கடி ஒரு குழப்பம் நடக்கிறது. சி.இ.ஏ. எண் ஆயிரத்தைத் தாண்டினால் நோயாளியும் சில சமயம் மருத்துவரும் புற்று முற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது கட்டியின் வகையைச் சொல்கிறதே தவிரப் புற்றின் அளவைச் சொல்வதில்லை. இதைவிட மலிவாக, பல ஆய்வுகளில் இதைவிட நன்றாக வகைபிரிப்பது கட்டிநீரின் குளுக்கோஸ் அளவு. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சளிநீர் வகை என்று சந்தேகிக்கலாம். ஆனால் போலிக் கட்டியிலும் சில சமயம் குறையும் என்பதால் அமைலேஸ் என்ற நொதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரின் ஒரு ஸ்ட்ரிப் இந்த வேலையைச் செய்துவிடுகிறது. புறநகர் மருத்துவமனைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு இத்துறையில் வரவில்லை என்பேன்.

அடுத்த படி மரபணு. 2011இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் ஐ.பி.எம்.என். கட்டிகளில் மூன்றில் இரண்டில் ஜி.என்.ஏ.எஸ். மரபணு ஒரே இடத்தில் மாறியிருப்பதைக் கண்டார்கள், கே.ராஸ் மாற்றத்தையும் சேர்த்தால் அநேகமாக எல்லாக் கட்டிகளையும் அடையாளம் காணலாம். 2019இல் அதே வழியில் வந்த காம்ப்சிஸ்ட் என்ற கணிப்பு முறை மரபணு, புரதம், படம், வயது எல்லாவற்றையும் கணினியிடம் கொடுத்தது. 862 பேரின் கட்டிகளைக் கொண்டு உருவாக்கிச் சோதித்தபோது, தேவையில்லாமல் அறுவை செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைக் கத்தியிலிருந்து காத்திருக்கலாம் என்று தெரிந்தது. அதே ஆண்டு ஜப்பானின் ஐச்சி புற்றுநோய் மையத்தில் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் படங்களைப் படித்த செயற்கை நுண்ணறிவு, ஐ.பி.எம்.என். புற்றா இல்லையா என்பதை 94 சதவீதம் சரியாகச் சொன்னது. மருத்துவர்கள் 56 சதவீதம். வியப்பான எண்தான். எத்தனை நோயாளிகள்? 50. யார் அவர்கள்? அறுவை செய்துகொண்டவர்கள். காம்ப்சிஸ்ட்டின் 862 பேரும் அப்படியே. புதிய கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமானாலும் பழைய கூட்டத்திடம்தான் பாடம் படித்திருக்கிறது. உண்மை விடை கட்டியை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்பதால் இதிலிருந்து தப்பிப்பது கடினம். வழி இருக்கிறது: வெட்டாதவர்களைப் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு விடாமல் பின்தொடர வேண்டும். டோக்கியோவில் அதைத்தான் செய்தார்கள். சென்னையில் 1981 முதல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நடத்திவரும் பதிவேடு இந்தியாவின் பழம்பெருமை மிக்க பதிவேடுகளில் ஒன்று. ஆனால் அது புற்றை எண்ணும் ஏடு, புற்றாகாத கட்டியை அல்ல.

அறுவை தேவை என்றே முடிவானாலும், எங்கே என்பது கணிப்பின் ஒரு பகுதி. இதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 2002இல் அமெரிக்க மூத்த குடிமக்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த பர்க்மேயர் குழு, கணைய அறுவையை மிக அபூர்வமாகச் செய்யும் மருத்துவமனைகளில் 16.3 சதவீதம் பேர் இறப்பதையும், மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8 சதவீதம் பேர் இறப்பதையும் காட்டியது. கட்டியின் அபாயம் பத்து சதவீதம் என்று வைத்தால், இரண்டாவது இடத்தில் அறுவை நியாயம். முதல் இடத்தில் அது கட்டியைவிட ஆபத்து. இந்த வகையில் பீர்க்கன்கரணைக்காரர் கொடுத்துவைத்தவர். பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் பூங்கா நிலையத்தில் இறங்கி ராஜீவ் காந்தி அரசுப் பொதுமருத்துவமனைக்கு நடந்தே போகலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் அதிலிருந்து தொலைவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் என். ரங்கபாஷ்யம் வளர்த்தெடுத்த இரைப்பைக் குடல் அறுவைத் துறைக்கு நீண்ட மரபு உண்டு. ஆனாலும் தனியாரோ அரசோ, அறுவை மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்படக் கூடாத கேள்வி: "இந்த ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, டாக்டர்?"

பணமும் முடிவைச் சாய்க்கிறது. பெரும்பாலான தனியார் காப்பீடுகள் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் கைகொடுக்கும். அறுவைக்குப் பணம் வரும். ஆண்டுதோறும் எடுக்கும் எம்.ஆர்.ஐ.க்குச் சொந்தக் கையிலிருந்துதான் போகும். காத்திருப்பதே சரியான சிகிச்சையாக இருக்கும் நோயில், காத்திருப்பவருக்குச் செலவு, அறுத்துக்கொள்பவருக்குச் சலுகை என்றால், தேவையில்லாத அறுவைகளுக்கு மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

வயதையும் மறக்க வேண்டாம். ஆண்டுக்கு 0.24 சதவீதம் என்பது நாற்பது வயதுக்காரருக்கு எஞ்சிய வாழ்நாள் முழுதும் கூடிக்கொண்டே போகும் எண். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த எண்பது வயதுக்காரருக்கு அது மற்ற அபாயங்களின் நிழலில் மறைந்துபோகும். 2 செ.மீ.க்குக் குறைவாக, கவலைக்குரிய அடையாளம் எதுவும் இல்லாமல், ஐந்தாண்டு மாறாமல் இருக்கும் கட்டிக்கு, தொடரவும் செய்யலாம் நிறுத்தவும் செய்யலாம் என்று கியோட்டோ விதிகள் இரு வழியையும் திறந்தே வைத்திருக்கின்றன. அறுவையைத் தாங்கவே முடியாத உடலுக்கு ஆறுமாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது எதற்கு என்று குடும்பத்தார் கேட்டால் மருத்துவர் கோபப்படக் கூடாது.

காத்திருப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. ஆண்டுக்கு 2.5 மி.மீ. வளர்ச்சி கவலைக்குரியது என்கிறது விதி. இந்த ஆண்டு ஒரு சென்டரில் சி.டி., அடுத்த ஆண்டு இன்னொரு சென்டரில் எம்.ஆர்.ஐ., அதற்கடுத்து வேறொருவர் அல்ட்ராசவுண்டில் வேறு கோணத்தில் அளந்தது என்று போனால், கட்டி வளராமலே 2.5 மி.மீ. வித்தியாசம் வரும். ரிப்போர்ட்டின் எண்ணோடு எண்ணை ஒப்பிடுவது போதாது. படத்தோடு படத்தை ஒப்பிட வேண்டும். ஒரே வகை ஸ்கேனை, முடிந்தால் ஒரே இடத்தில் எடுப்பது நல்லது. முதல் ஸ்கேனின் படங்கள் உள்ள குறுந்தட்டையோ பென்டிரைவையோ வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதைக் கதிரியக்க மருத்துவரிடம் கொடுத்து, பழைய படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்து அளக்கும்படி கேட்க வேண்டும்.